ரேடியோதெரபி டெக்னாலஜிஸ்ட் வேலையில் ஒரு பெண்ணைச் சேர்க்கலாமா?

கேள்வி கேட்டவர் பாலக்கோட்டை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து எழுதியிருக்கிறார். தங்கை உயிரியல் பிரிவில் பிளஸ் டூ தேறியிருக்கிறார். துணை மருத்துவப் படிப்புகளில் பி.எஸ்சி. ரேடியோதெரபி டெக்னாலஜி, அதாவது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தரக் கற்பிக்கும் படிப்பு, கிடைக்கும் நிலை இருக்கிறது. இது எக்ஸ்ரே எடுக்கும் வேலைதானே, கதிர்வீச்சால் உடம்புக்கு ஆபத்து உண்டா, படித்து முடித்தால் தர்மபுரி, கிருஷ்ணகிரியிலேயே வேலை கிடைக்குமா என்று மூன்று கேள்விகளை வரிசையாக வைத்துவிட்டு, கடைசியில் போகிறபோக்கில் இன்னொன்றையும் சேர்த்திருக்கிறார்: “கரண்ட் வைக்கிற இடத்தில் வேலை பார்க்கிற பெண்ணுக்குக் குழந்தை பிறக்காது” என்று சித்தப்பா ஒருவர் சொல்லிவிட்டதால் அம்மா சம்மதிக்க மறுக்கிறாராம். (கதிர்வீச்சுச் சிகிச்சையைத்தான் நம் பக்கத்தில் கரண்ட் வைப்பது என்கிறார்கள்.) உண்மையில் கேட்கப்பட்டிருப்பது இந்த நான்காவது கேள்விதான் என்று எடுத்துக்கொள்கிறேன். மற்ற மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தாலும் இதற்குத் தெளிவு கிடைக்காதவரை அந்த வீட்டில் முடிவு எடுக்க மாட்டார்கள். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் காவேரிப்பட்டணத்தில் பிறந்தவள்; இந்த வேலைக்கு வந்து 20 ஆண்டுகள் நெருங்குகின்றன. கதிரியக்கக் கோபால்ட் வைத்த பழைய கருவியிலும், மின்சாரத்தால் எக்ஸ் கதிரை உண்டாக்கும் இன்றைய லினாக் கருவிகளிலும், கருப்பை வாய்ப் புற்றுக்கு உள்ளிருந்து சிகிச்சை தரும் பிராக்கிதெரபி பிரிவிலும் வேலை பார்த்திருக்கிறேன். மருத்துவரோ மருத்துவ இயற்பியலாளரோ அல்ல. ஒருவரின் உடல்நிலையைப் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டிய முடிவை நான் சொல்ல முடியாது. அறைக்குள்ளும் வெளியிலும் என்ன நடக்கிறது, எங்களுக்கு எவ்வளவு கதிர் படுகிறது, விதி என்ன சொல்கிறது என்பவற்றைச் சொல்ல முடியும். எனக்கும் பிள்ளைகள் உண்டு. ஆனால் அதைச் சான்றாகக் காட்டி இந்தக் கேள்வியை முடித்துவிட நான் விரும்பவில்லை, ஏனென்றால் ஒருத்தியின் அனுபவம் எதையும் நிரூபிக்காது.

முதலில் கதிர் எப்போது இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். லினாக் மின்சாரத்தால் இயங்குவது. எலக்ட்ரான்களை மைக்ரோ அலைகளால் முடுக்கி டங்ஸ்டன் தகட்டில் மோதவிடும்போது எக்ஸ் கதிர் பிறக்கிறது. மின்சாரம் நின்ற கணத்தில் கதிரும் நின்றுவிடும். நோயாளியைப் படுக்கவைத்து, குறிகளைச் சரிபார்த்து, கட்டிலை நகர்த்தி நிறுத்தும்வரை நாங்கள் அவர் பக்கத்தில் இருக்கிறோம். அப்போது கதிர் இல்லை. கதிரைத் தொடங்கும் பொத்தான் வெளியே, கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறது. இடையில் வளைந்து செல்லும் நடைவழியும் கனத்த கதவும் இருக்கின்றன; கதிர் நேராக விழக்கூடிய பக்கங்களில் சுவர் இரண்டு மீட்டருக்கும் மேல் தடித்த கான்கிரீட். கதவு முழுதாக மூடாவிட்டால் கருவி தொடங்காது. சிகிச்சையின் நடுவே யாராவது திறந்தால் தானாக நின்றுவிடும். கடைசியாக வெளியேறுபவர் உள்ளே ஒரு பொத்தானை அழுத்திவிட்டு வந்தால்தான் வெளியில் கருவி தயாராகும் என்ற ஏற்பாடும் உண்டு. அதன் பிறகு நோயாளியைக் கேமரா வழியாகத்தான் பார்க்கிறோம், மைக்கில்தான் பேசுகிறோம்.

“ஈயக் கோட்டு போடாமல் நிற்கிறீர்களே” என்று நோயாளிகளின் உறவினர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பார்கள். எக்ஸ்ரே அறையில் அது நன்றாக உதவும். லினாக் கதிரின் ஆற்றலுக்கு முன்னால் அந்த மெல்லிய ஈயத் தகடு ஏறத்தாழ பயனற்றது. எங்களைக் காப்பவை சுவரும் தூரமும் வெளியே நிற்கும் பழக்கமும்தான். 10 மெகாவோல்ட்டுக்கு மேற்பட்ட ஆற்றலைப் பயன்படுத்தும்போது நியூட்ரான்கள் உண்டாகி, கருவியின் தலைப்பகுதி உலோகங்களில் சற்று நேரத்துக்குக் கதிரியக்கம் தங்கும். ஆகையால் அத்தகைய சிகிச்சை முடிந்த உடனே பாய்ந்து உள்ளே போகாமல் கொஞ்சம் பொறுப்பது நல்ல பழக்கம். இன்றைய நுட்பமான சிகிச்சைகளில் பெரும்பகுதி 6 மெகாவோல்ட்டில் நடப்பதால் அங்கே இந்தப் பேச்சே எழுவதில்லை.

இனி எண்கள். உடம்பில் படும் கதிரின் பாதிப்பை மில்லிசீவர்ட் என்ற அலகில் கணக்கிடுகிறார்கள். நம் நாட்டில் இதற்குப் பொறுப்பான அமைப்பு 1983 இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். கதிர்வீச்சுப் பணியாளர் ஒருவருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30 ஐத் தாண்டாமல், என்பது வரம்பு. இந்த வேலைக்குச் சம்பந்தமில்லாத பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1. மண், பாறை, வான்வெளி, உணவு ஆகியவற்றிலிருந்து எல்லா மனிதருக்கும் இயற்கையாகவே வந்து சேர்வது உலகச் சராசரியில் சுமார் 2.4. எங்கள் மார்பில் மாட்டியிருக்கும் டி.எல்.டி. பேட்ஜ் (எங்கள் மீது படும் கதிரைப் பதிவு செய்யும் சிறு அட்டை) மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்துக்குப் போய் வருகிறது. லினாக்கில் ஒழுங்காக வேலை பார்ப்பவருடைய அறிக்கையில் பெரும்பாலும் பூஜ்ஜியமோ அதற்கு அருகிலுள்ள எண்ணோதான் இருக்கும். ஓர் ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டைத் தொடுவதே அரிது. பேட்ஜைக் கழற்றிச் சிகிச்சை அறைக்குள் கோட்டோடு தொங்கவிட்டுவிட்டு வெளியே வந்தால், அந்த நாள் முழுவதும் உள்ளே விழும் கதிரை அது உங்கள் கணக்கில் எழுதிவிடும். பிறகு பெரிய எண்ணோடு அறிக்கை வரும், விளக்கக் கடிதம் கேட்பார்கள், மொத்தத் துறையும் கேமராப் பதிவைத் தேடிக்கொண்டிருக்கும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் முதல் நாளே சொல்வது இந்த பேட்ஜ் விஷயம்தான்.

குழந்தைப்பேறு பற்றி உறுதியாகத் தெரிந்தது இது. சூலகங்கள் நிரந்தரமாகச் செயலிழக்க ஒரே தடவையில் ஏறத்தாழ 2.5 முதல் 6 கிரே (உடல் உள்வாங்கும் கதிரின் அலகு) அளவு கதிர் அந்த உறுப்பில் படவேண்டும். ஆண்களுக்குத் தற்காலிகமாக விந்தணு குறைவதற்கே 0.15 கிரே அளவு தேவை. எளிமைக்காக 1 கிரே என்பதை 1000 மில்லிசீவர்ட் என்று இங்கே வைத்துக்கொள்ளலாம். சட்டம் அனுமதிக்கும் உச்சமான 20 மில்லிசீவர்ட்டை ஒருவர் ஆண்டுதோறும் வாங்கிக்கொண்டு 40 ஆண்டுகள் வேலை பார்த்தாலும் மொத்தம் 800 மில்லிசீவர்ட்தான் ஆகிறது. அதுவும் துளித்துளியாக, வாழ்நாள் முழுக்கப் பரவி. உண்மையில் வாங்குவதோ அதில் மிகச் சிறு பங்கு. எனவே இந்த வேலை பார்ப்பதால் மலட்டுத்தன்மை வரும் என்பது தவறு என்று தயக்கமின்றிச் சொல்லலாம். அந்தச் சித்தப்பா பொய் சொல்லியிருக்க மாட்டார் என்றும் நினைக்கிறேன். கருப்பை வாய்ப் புற்றுக்காக இடுப்புப் பகுதியில் 45 முதல் 50 கிரே வரை வாங்கும் பெண் நோயாளிகளுக்கு மாதவிடாய் நின்றுபோவது உண்மை. அப்படி ஒருவரைப் பார்த்தோ கேள்விப்பட்டோ, நோயாளிக்கு நடப்பதை வேலை பார்ப்பவருக்கும் நடப்பதாக அவர் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

இனி ஐயத்துக்கு இடமுள்ள பகுதி. மிகக் குறைந்த அளவுக் கதிர் பல ஆண்டுகள் பட்டால் பிற்காலத்தில் புற்றுநோய் வாய்ப்பு துளியளவு கூடுமா என்ற கேள்விக்கு விஞ்ஞானிகளிடையே முடிந்த முடிவு இல்லை. 100 மில்லிசீவர்ட்டுக்குக் கீழே அந்தக் கூடுதலை மற்றக் காரணங்களிலிருந்து பிரித்துக் காட்டுவது கடினம். இருந்தாலும், எவ்வளவு சிறிய அளவுக்கும் அதற்கேற்ற சிறிய ஆபத்து உண்டு என்று வைத்துக்கொண்டுதான் விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன; அதனால்தான் வரம்புக்குள் இருந்தால் போதும் என்று விடாமல், எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறை என்கிறார்கள். பெற்றோருக்குப் பட்ட கதிரால் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பரம்பரைக் குறை வருமா என்பதில், ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் பிழைத்தவர்களின் பிள்ளைகளைப் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து பார்த்தும் அப்படியொரு கூடுதல் தெளிவாகத் தென்படவில்லை. அவர்களில் பலர் வாங்கியது எங்கள் பணிக்காலம் முழுவதிலும் எங்களுக்குப் படுவதைவிட எத்தனையோ மடங்கு அதிகம். “ஆபத்து என்பதே இல்லை” என்று உங்கள் அம்மாவிடம் சொல்லாதீர்கள். “இருந்தால் அளந்து காட்ட முடியாத அளவுக்குச் சிறியது, படும் கதிரையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளக்கிறார்கள்” என்று சொல்லுங்கள்.

கர்ப்பக் காலத்துக்குத் தனி விதி இருக்கிறது. கர்ப்பம் என்று தெரிந்ததும் துறைத் தலைவரிடமும் கதிரியல் பாதுகாப்பு அலுவலரிடமும் சொல்லிவிட வேண்டும். அதன் பிறகு, மீதிக் கர்ப்பக் காலம் முழுவதற்கும் கருவுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் படக்கூடாது, அதாவது பொதுமக்களில் ஒருவருக்குள்ள அளவே கருவுக்கும். நடைமுறையில் பிராக்கிதெரபியிலிருந்தும் கோபால்ட் கருவியிலிருந்தும் விலக்கி, பதிவேடு, திட்டமிடல், நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்குதல் போன்ற வேலைகளுக்கு மாற்றுவார்கள். சங்கடப்பட்டு மூன்று நான்கு மாதம் சொல்லாமல் இருக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். நம் பக்கத்தில் கண் படும் என்ற பயமும் இதில் சேர்ந்துகொள்ளும். சொல்லாதவரை விதியால் காப்பாற்ற முடியாது என்பதைத் தங்கைக்கு இப்போதே தெரியப்படுத்துங்கள். கர்ப்பத்தைச் சொன்னதற்காக வேலையை விட்டு அனுப்ப விதியில் இடமில்லை. மகப்பேறு பயன் சட்டத்தின் 2017 ஆம் ஆண்டுத் திருத்தம் முதல், முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்துடன் கூடிய பேறுகால விடுப்பும் உண்டு. 18 வயது நிரம்பாத பயிற்சி மாணவர்களுக்கு ஆண்டு வரம்பு 20 அல்ல, 6 மில்லிசீவர்ட் என்பதையும், தங்கைக்கு இன்னும் 17 என்றால், கல்லூரியில் நினைவுபடுத்தலாம்.

லினாக் பற்றிச் சொன்னது எல்லாக் கருவிகளுக்கும் அப்படியே பொருந்தாது. கோபால்ட் 60 கதிரியக்கப் பொருள். அதை அணைக்க முடியாது, ஈயக் கவசத்துக்குள் இழுத்து மூடத்தான் முடியும். மூடியிருக்கும்போதும் மிகச் சிறிய கசிவு இருப்பதால் கோபால்ட்டில் வேலை பார்ப்பவருடைய அறிக்கை லினாக்கில் இருப்பவருடையதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். வரம்புக்கு வெகு கீழேதான். அதன் வீரியம் 5.27 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதால், அந்தக் கோபால்ட் பழசாக ஆக ஒவ்வொரு நோயாளிக்கும் நேரம் நீண்டுகொண்டே போகும். பிராக்கிதெரபியில் அரிசி மணியளவு இரிடியம் 192 ஒரு கம்பியின் நுனியில் நோயாளியின் உடலுக்குள் சென்று திரும்புகிறது; அப்போதும் நாங்கள் வெளியில்தான். கம்பி திரும்பாமல் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்பதற்கு, கையால் சுழற்றித் திருப்பும் சக்கரம், நீண்ட இடுக்கி, ஈயக் கலம் என்று எல்லாம் அறை வாசலிலேயே இருக்கும், ஒத்திகையும் நடக்கும். அந்த ஒத்திகையை அலட்சியமாகப் பார்க்கும் துறையில் உங்கள் தங்கை சேரக்கூடாது என்பேன்.

எக்ஸ்ரே எடுக்கும் வேலைதானே என்ற கேள்விக்கு வருகிறேன். இரண்டும் வேறு. ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் தோலில் படுவது 0.1 அல்லது 0.2 மில்லிகிரே அளவு. தலை, கழுத்துப் புற்றுக்கு ஒரே நாளில் தருவது 2 கிரே, அதாவது அதைப் போல பத்தாயிரம் மடங்கு அளவு. அதை வாரம் ஐந்து நாள் வீதம் 33 அல்லது 35 நாள் தருகிறோம். எக்ஸ்ரே சரியாக வரவில்லை என்றால் இன்னொன்று எடுக்கலாம், எங்களுக்கு அந்த வசதி இல்லை. எவ்வளவு கதிர், எந்தப் பகுதிக்கு என்று முடிவு செய்பவர் கதிர்வீச்சுப் புற்றுநோய் மருத்துவர். எந்தக் கோணங்களிலிருந்து எப்படித் தருவது என்று கணினியில் திட்டம் போடுபவரும், கருவியின் அளவு சரியா என்று சோதிப்பவரும் மருத்துவ இயற்பியலாளர். அந்தத் திட்டத்தை உண்மையான ஓர் உடம்பின் மீது, மில்லிமீட்டர் பிசகாமல், தினமும் ஒரே மாதிரி நிறைவேற்றுபவர் டெக்னாலஜிஸ்ட். காலையில் கருவியைச் சூடேற்றி, அது தரும் கதிரின் அளவு 3 சதவீத வேறுபாட்டுக்குள்ளும், நோயாளியை நேராக வைக்க உதவும் லேசர் கோடுகள் 2 மில்லிமீட்டர் வேறுபாட்டுக்குள்ளும் நிற்கின்றனவா என்று பார்த்துக் குறித்த பிறகுதான் முதல் நோயாளியை அழைப்போம்.

மாஸ்க் செய்யும் வேலையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தொழிலின் தன்மை அதில் முழுதாகத் தெரியும். வாய்ப் புற்றோடு வருபவருக்கு முதல் நாள் மோல்டு ரூமில் முக உறை செய்கிறோம்; துறைக்குள் அதை ஆர்ஃபிட் என்றுதான் சொல்வோம். 70 பாகை அளவு சூடான தண்ணீர்த் தொட்டியில் கெட்டியான தகட்டைப் போட்டால் ஓரிரு நிமிடத்தில் தளர்ந்து கையில் தொங்கும். தண்ணீரை ஒற்றி எடுத்து, புறங்கையில் சூடு பார்த்து, இருவர் இருபுறமும் நின்று முகத்தின் மேல் ஒரே மூச்சில் இழுத்துப் பலகையில் பூட்ட வேண்டும். மூக்குத் தண்டு, தாடை, நெற்றி ஆகியவற்றில் விரலால் அழுத்திப் படிய வைக்க வேண்டும். ஆறி இறுகும்வரை அவர் அசையக் கூடாது, இருமக் கூடாது. புகையிலை போட்டுப் பழகிய வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். மூச்சடைத்துவிடும் என்று பயந்து கையை உதறுவார்கள். “மூக்காலயே மெதுவா மூச்சு விடுங்கப்பா, ஓட்டை நிறைய இருக்கு, கையைத் தூக்கினா உடனே கழட்டிடுவேன்” என்று காதருகே சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த உறை தளர்ந்திருந்தால் அடுத்த ஏழு வாரமும் சிகிச்சை தளர்ந்திருக்கும். (சிகிச்சைக்கு முன் பல் மருத்துவரைப் பார்க்கச் சொல்வதும் உண்டு, பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து இருப்பதால். நம் மாவட்டங்களின் ஃபுளோரைடு தண்ணீரில் வளர்ந்த பற்களைப் பார்த்திருப்பவர்களுக்கு இது ஏன் முக்கியம் என்று விளங்கும்.)

தினசரி வேலையில் முதல் ஆபத்து பெயரில் இருக்கிறது. “மாதம்மாள்” என்று அழைத்தால் எங்கள் பக்கத்து நோயாளிகளில் இருவர் எழுந்து வருவார்கள். முனியப்பன், மாதையன், சின்னசாமி என்று எதைச் சொன்னாலும் இதே கதைதான். காது மந்தமான ஒரு பாட்டி எந்தப் பெயருக்கும் தலையாட்டுவார். அதனால் பெயரைச் சொல்லி அழைத்து, வந்தவரை ஏற்றிப் படுக்கவைப்பது கூடவே கூடாது. “உங்க பேரு என்னம்மா, எந்த ஊரு, எங்க கரண்ட் வைக்கிறாங்க” என்று அவர் வாயாலேயே சொல்லவைத்து, திரையில் உள்ள புகைப்படத்தோடும் கோப்போடும் ஒப்பிட்டு, இரண்டாவது டெக்னாலஜிஸ்ட் அதைத் திரும்பச் சொன்ன பிறகே அடுத்த வேலை. ஓசூர், தேன்கனிக்கோட்டை, வேப்பனஹள்ளிப் பக்கத்து நோயாளிகளிடம் இதைத் தெலுங்கிலோ கன்னடத்திலோ கேட்கத் தெரிந்திருந்தால் பாதிக் குழப்பம் குறையும். மூன்று மொழி காதில் விழுந்து வளர்ந்த கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இந்தத் தொழிலில் இது ஒரு வரவு.

அடுத்து, சிகிச்சைக்கு வந்துகொண்டிருப்பவர் நடுவில் நின்றுவிடாமல் பார்ப்பது. மாங்காய் அறுப்பு, ராகி அறுவடை, ஊர்த் திருவிழா, வளைகாப்பு என்று எதற்காவது ஒரு வாரம் நின்றுவிட்டு, “அடுத்த வாரம் சேர்த்து வச்சிடுங்க” என்பார்கள். தலை, கழுத்துப் புற்றில் மொத்தச் சிகிச்சைக் காலம் நீளும் ஒவ்வொரு நாளுக்கும் நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 1 சதவீதமோ சற்று அதிகமாகவோ குறைகிறது. கருப்பை வாய்ப் புற்றில் பிராக்கிதெரபியையும் சேர்த்து 8 வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. யார் இன்று வரவில்லை என்று முதலில் தெரிவது எங்களுக்குத்தான். அன்று மாலையே தொலைபேசியில் கூப்பிடுவதும் எங்கள் வேலையில் சேர்ந்ததே. அதே போல இடுப்புப் பகுதிச் சிகிச்சைக்கு முன் அரை மணி நேரத்துக்கு முன்னால் அரை லிட்டர் தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கி வரச் சொல்வோம். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் குடல் மேலே தள்ளிப்போய்க் கதிரிலிருந்து தப்பும். பென்னாகரத்திலிருந்து விடியற்காலை பஸ் ஏறி, இரண்டு பஸ் மாறி வரும் ஒரு பெண் வழியில் தண்ணீரே குடிப்பதில்லை, ஏன் என்று உங்களுக்குத் தெரியும். அவரைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. வந்தபின் குடிக்கவைத்து, வரிசையில் ஓரிருவருக்குப் பின்னால் தள்ளி வைத்து, உட்காரவைக்க வேண்டும்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், வீட்டில் கதிரை நினைத்துப் பயப்படுகிறார்கள். இந்த வேலையின் உண்மையான பாரம் வேறிடத்தில் இருக்கிறது. பரபரப்பான துறைகளில் ஒரு கருவியில் நாளொன்றுக்கு 50 பேர் வரை வருவார்கள். நாற்பதாவது நபருக்கும் முதல் நபருக்குக் காட்டிய அதே கவனத்தைக் காட்ட வேண்டும். படம் எடுத்து, திட்டத்தோடு ஒப்பிட்டு, கட்டிலை 3 மில்லிமீட்டர் நகர்த்து என்று கருவி சொன்னால் நகர்த்தலாம். ஒன்றரை சென்டிமீட்டர் நகர்த்து என்று சொன்னால் கை நின்றுவிட வேண்டும்: எடை குறைந்து மாஸ்க் தளர்ந்ததா, தலையணை மாறியதா, ஆளே மாறினாரா? 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக் 25 என்ற கருவியில் நடந்த ஆறு விபத்துகளில் நோயாளிகள் அளவுக்கு மிஞ்சிய கதிர் வாங்கினார்கள், சிலர் இறந்தார்கள். பிழை மென்பொருளில் இருந்தது. ஆனால் கருவி நாள்தோறும் காரணம் விளங்காத எச்சரிக்கைகளைக் காட்டிக்கொண்டே இருந்ததால், தொடர்வதற்கான விசையை அழுத்தி மேலே போவது அங்கே வழக்கமாகிவிட்டிருந்தது. இன்றைய கருவிகளில் தடுப்புகள் பல மடங்கு கூடியிருந்தாலும் எச்சரிக்கைச் செய்திகள் இல்லாமல் போகவில்லை. மருத்துவரும் இயற்பியலாளரும் அவசரப்படுத்தினாலும் “இது எனக்குச் சரியாகப் படவில்லை, ஒருமுறை வந்து பாருங்கள்” என்று சொல்லும் துணிவு இதில் வேண்டும். 22 வயதுப் பெண்ணுக்கு அது முதலில் எளிதாக வராது.

உடல் உழைப்பையும் மறைக்க வேண்டாம். எலும்பில் நோய் பரவியவர்களைச் சக்கர நாற்காலியிலிருந்து தூக்கிக் கட்டிலில் படுக்கவைப்பதால் எங்களில் பலருக்கு முதுகுவலி உண்டு. மனத்துக்கும் பாரம் உண்டு. ஏழு வாரம் தினமும் பார்த்த முகம் பிறகு வராமல் போகும்போது அது தெரியும். மறுபுறம், எலும்பு வலியில் துடித்தபடி வந்தவர் ஒரே தடவை 8 கிரே வாங்கிச் சென்று சில வாரங்களில் நடந்து வருவதையும் இதே அறையில் பார்க்கிறோம்.

வேலை வாய்ப்புக்கு நேரான பதில்: சொந்த ஊரிலேயே கிடைக்கும் என்று எண்ணிச் சேர வேண்டாம். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி 2008 இலும் கிருஷ்ணகிரியில் உள்ளது 2022 இலும் வந்தன என்றாலும், கதிர்வீச்சுச் சிகிச்சைக்காக நம் இரு மாவட்ட மக்களில் பலர் சேலம், வேலூர், பெங்களூரு, அடையாறு என்றுதான் இன்னும் போகிறார்கள்; வேலையும் பெரும்பாலும் நோயாளிகள் போகும் அதே ஊர்களில்தான் இருக்கிறது. ஓசூரில் வீடு இருந்தால் பெங்களூருக்குத் தினமும் போய் வரலாம், சுமார் 40 கிலோமீட்டர்தான். பாலக்கோட்டிலிருந்து அது முடியாது, விடுதியோ அறையோ வேண்டும். முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்த வாடகை போகக் கையில் அதிகம் நிற்காது. அரசுப் பணியிடங்கள் குறைவு, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டும். இவற்றோடு ஒப்பிட்டால் தனியார் மருத்துவமனைகளில் அனுபவமுள்ளவர்களுக்குக் கிராக்கி உண்டு. கருவி எத்தனை கோடிக்கு வாங்கினாலும் தகுதி பெற்ற டெக்னாலஜிஸ்ட் இல்லாமல் அதை ஓட்ட ஒழுங்குமுறை வாரியம் அனுமதிக்காது. வளைகுடா நாடுகளுக்குத் தனித் தேர்வு எழுதிப் போகிறார்கள். பிரிட்டனில் அங்குள்ள தொழில்முறை மன்றத்தில் பதிந்த பிறகே இந்தப் பெயரில் வேலை பார்க்க முடியும்; அங்கே மார்பகம், தலை கழுத்து என்று ஒரு பிரிவில் தேர்ந்த ரேடியோகிராபர்கள் சிகிச்சைக் காலத்தில் நோயாளிகளைத் தாங்களே பரிசோதித்து ஆலோசனை சொல்லும் நிலைவரை வளர்கிறார்கள். இங்கே அது மருத்துவரின் வேலை. நாங்கள் பதினைந்தாம் நாளில் தோல் சிவப்பதையும் வாய் புண்ணாவதையும் முதலில் கண்டு அவரிடம் சொல்பவர்கள்.

கல்லூரியைத் தேர்வு செய்வதில்தான் நம் பக்கத்துப் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கக் கற்பிக்கும் கதிரியல் பட்டயம் ரேடியோதெரபிக்குச் செல்லாது. இரண்டுக்கும் தனித்தனித் தகுதி. ஒரு தனியார் நிலையத்தில் இரண்டும் ஒன்றுதான் என்ற வாக்கை நம்பிப் பணம் கட்டிவிட்டு, நேர்காணலுக்கு வந்து திரும்பிப் போனவர்களை நானே பார்த்திருக்கிறேன். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் பட்டமாக இருந்தால் மூன்றாண்டுப் படிப்பும் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியும் இருக்கும். 2021 ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தில் இந்தத் தொழிலும் சேர்க்கப்பட்டிருப்பதால், பதிவு செய்யத்தக்க பட்டமா என்பது இனிமேல் முன்னைவிட முக்கியம். சேர்க்கை விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் இந்த ஆண்டுத் தகவலேட்டை மட்டும் நம்புங்கள், நான் படித்த காலத்து விதியைக் கேட்காதீர்கள். பணம் கட்டும் முன் தங்கையையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு அந்தக் கல்லூரியின் மருத்துவமனைக்கு ஒரு வேலை நாளில் போங்கள். லினாக் ஓடிக்கொண்டிருக்கிறதா, அதில் இன்று எத்தனை நோயாளிகள், மாணவர்களைக் கருவியின் பக்கத்தில் நிறுத்திக் கற்றுத்தருகிறார்களா, மாணவர்களுக்குச் சொந்தப் பெயரில் டி.எல்.டி. பேட்ஜ் தருகிறார்களா என்று கேளுங்கள். பேட்ஜ் கடைசி ஆண்டில்தான் கிடைக்கும் என்று சொல்லிவிட்டு அதற்கு முன்பே மாணவர்களைக் கோபால்ட் அறையிலோ பிராக்கிதெரபியிலோ நிறுத்துகிறார்கள் என்றால் அந்த இடம் வேண்டாம். நல்ல துறையில், நோயாளி இல்லாத நேரத்தில் அம்மாவைக் கட்டுப்பாட்டு அறைவரை அனுமதிப்பார்கள். பொத்தான் எங்கே இருக்கிறது, மகள் எங்கே நிற்பாள் என்று அவர் தம் கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும்.